கடைக்காரங்க காசை வாங்கியே ஆகணும்னு சட்டம் இருக்குங்களா?

கேள்வியை மொதல்ல சுருக்கமா சொல்லிடறேனுங்க. பெருந்துறைப் பக்கம் இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அவரோட அப்பாரு கோயமுத்தூருக்கு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றப்ப ஒரு ஓட்டல்ல ஏறி சாப்பிட்டிருக்காரு, பில்லு 140 ரூபா, ரெண்டு நூறு ரூபா நோட்டை நீட்டினா "கேஷ் வாங்கறதில்லீங்க ஐயா, ஸ்கேன் பண்ணிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க, அவருகிட்ட இருக்கறது பட்டன் போன், கடைசில பக்கத்து டேபிள்ல இருந்த ஒரு பொண்ணு தன்னோட போன்ல கட்டிட்டு இவருகிட்ட காசை வாங்கிக்கிச்சாம். வீட்டுக்கு வந்து ராத்திரி சோறு கூட திங்காம படுத்துட்டாருன்னு எழுதியிருக்காரு. இது சட்டப்படி சரியான்னு கேட்டுட்டு, கூடவே பத்து ரூபா காயினை யாரும் வாங்க மாட்டேங்கறாங்களே அது தப்பில்லையா, மஞ்சள் வித்த பணத்தை கேஷா வாங்கினா பின்னாடி பிரச்சனை வருமான்னும் கேட்டிருக்காரு. நான் ஈரோட்டுல ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பார்க்கறவன், இந்த மூணுமே எங்க டேபிளுக்கு அடிக்கடி வர்ற சங்கதி, அதனால விரிவாவே எழுதறேன்.

நேரா பதில் வேணும்னா இதுதான்: சாப்பிட்டு முடிச்ச பொறவு உங்க அப்பாரு நீட்டின நோட்டை வேண்டாம்னு சொல்ல அந்த ஓட்டலுக்கு சட்டத்துல பெருசா பிடிமானம் இல்லீங்க. ஆனா உள்ள வர்றப்பவே, ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே "இங்க கேஷ் கிடையாது"ன்னு தெளிவா சொல்லியிருந்தா கதை வேற. எல்லாக் கடையும் காசை வாங்கியே தீரணும், வாங்காட்டி இத்தனை ரூபா அபராதம்னு இந்தியாவுல பொதுவா ஒரு சட்டம் கிடையாது.

ஏன்னு சொல்றேன். 1934ஆம் வருஷத்து ரிசர்வ் பேங்க் சட்டத்துல 26ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ரிசர்வ் பேங்க் வெளியிடற ஒவ்வொரு நோட்டும் இந்தியாவுல எந்த இடத்துலயும் அதுல போட்டிருக்கற தொகைக்கு செல்லும், அதுக்கு மத்திய அரசு உத்தரவாதம்னு அது சொல்லுது. பல பேரு இதைப் படிச்சுட்டு, எந்த இடத்துலயும் செல்லும்னு சட்டமே சொல்லுது, அப்பறம் வாங்க மாட்டேன்னா குத்தம்தானேங்கறாங்க. இல்லீங்க. இந்தப் பிரிவு நோட்டுக்கு ஒரு பலத்தைக் கொடுக்குது, அதாவது நீங்க ஒருத்தருக்குத் தரவேண்டிய பாக்கியை இந்த நோட்டைக் கொடுத்துத் தீர்க்கலாம், இது பணமே இல்லைன்னு அவரு சொல்ல முடியாது. ஆனா உங்களுக்குப் பொருளை வித்தே ஆகணும்னு கடைக்காரரை அது கட்டாயப்படுத்தல. வாங்காதவங்களுக்கு என்ன தண்டனைன்னும் அதுல ஒரு வரி கூட இல்லை.

வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கும் பாருங்க, இந்தியப் பணத்தை வாங்க மறுத்தா 124ஏ பிரிவுல தேசத்துரோக வழக்கு, மூணு வருஷம் ஜெயில்னு. தயவு செஞ்சு அதை யாருக்கும் அனுப்பாதீங்க. 124ஏங்கறது ஐபிசிங்கற பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல அரசாங்கத்து மேல வெறுப்பைத் தூண்டறது பத்தின பிரிவு, டீக்கடையில காயின் வாங்காததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே நிறுத்தி வச்சது, 2024 ஜூலை 1ல இருந்து பழைய ஐபிசியே போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. இதைச் சொல்லி ஒரு சின்னக் கடைக்காரரை மிரட்டறது ரொம்பத் தப்புங்க, அவரும் நம்ம மாதிரி பொழைக்க வந்தவருதான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். பாக்கி எப்ப உண்டாச்சுங்கறதுதான் இதுல எல்லாத்தையும் முடிவு பண்ணுது. கடையில சாமானை அடுக்கி வெலை போட்டு வச்சிருக்கறது, வந்து கேளுங்கங்கற அழைப்பு மட்டும்தான். நீங்க எடுத்துட்டு கவுண்டருக்குப் போயி இதைக் கொடுங்கன்னு கேக்கறீங்க, அவரு சரின்னா வியாபாரம், சரியில்லைன்னா வியாபாரமே நடக்கல. அந்த நிமிஷத்துல நீங்க அவருக்கு ஒரு பைசா தரவேண்டியது இல்லை, தரவேண்டியது இல்லாதப்ப 26ஆவது பிரிவை எதுக்கு மேல வைக்கறது? அதனால டோக்கன் வாங்கிட்டு சாப்பிடற ஓட்டல், மொதல்லயே காசு கட்டற பேக்கரி, சினிமா டிக்கெட் கவுண்டர் இதுலயெல்லாம் யுபிஐ மட்டும்தான்னு சொன்னா, எனக்குப் பிடிக்கல, உங்களுக்கும் பிடிக்காது, ஆனா அவங்களை உள்ள தள்ளற மாதிரி சட்டம் ஏதும் இல்லை.

அதுவே எலை போட்டு பரிமாறி, சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து பில் வாங்கறீங்கன்னா அந்த 140 ரூபா உங்க மேல விழுந்த பாக்கி. பெட்ரோல் பங்க்ல வண்டிக்கு ஊத்தின பொறவும் இதே கதைதான், டேங்குல இருந்து திருப்பி உறிஞ்ச முடியாதில்லீங்களா. ஒர்க்‌ஷாப்ல வண்டி சரி பண்ணி முடிச்சப்பறம், டாக்டர் பாத்து முடிச்சப்பறம், ஆட்டோ எறக்கி விட்டப்பறம், எல்லாமே அப்படித்தான். பாக்கின்னு ஆயிட்டா அதைத் தீர்க்க நீங்க நீட்டற நோட்டு சட்டப்படி முழுசா செல்லும். 1872 ஒப்பந்தச் சட்டத்துல 38ஆவது பிரிவு இருக்கு, ஒருத்தர் தன்னோட கடமையைச் செய்ய முன்வந்து எதிராளி ஏத்துக்கலைன்னா, செய்யலைங்கற பழி முன்வந்தவரு மேல வராதுன்னு அது சொல்லுது, ஆனா எந்த நிபந்தனையும் இல்லாம, சரியான நேரத்துல சரியான எடத்துல முன்வந்திருக்கணும். அதாவது உங்க அப்பாரு காசை நீட்டினாரு, அவங்க வாங்கல, அப்படியே எந்திரிச்சு வந்திருந்தா கூட சாப்பிட்டு ஏமாத்திட்டுப் போயிட்டாருன்னு யாரும் சொல்ல முடியாது.

இதுல ரெண்டு விஷயத்தைத் தப்பா புரிஞ்சுக்கக் கூடாதுங்க. ஒண்ணு, அவங்க வாங்கலைங்கறதுக்காக அந்த 140 ரூபா தள்ளுபடி ஆயிடாது, பாக்கி பாக்கிதான், நாளைக்கு கேட்டாலும் கொடுக்கணும், வட்டி கேக்கறது வழக்குச் செலவு கேக்கறதுதான் நிக்காது. ரெண்டாவது, சரியான தொகையைக் கொடுக்க வேண்டியது கொடுக்கறவரு பொறுப்பு. 140க்கு 200 நீட்டிட்டு மீதி கொடுன்னா, சில்லறை இல்லைங்கன்னு சொல்ல அவங்களுக்கு வழி இருக்கு. 30 ரூபா காபிக்கு 500 ரூபா நோட்டைக் காட்டறவங்களும் நம்மள்ல நிறைய, அங்க கடைக்காரர் மறுத்தா அவரு மேல குத்தம் சொல்ல முடியாது. ஆனா சரியா 140 ரூபாயை டேபிள் மேல வச்சும், யுபிஐ போட்டாத்தான் வெளிய விடுவேன்னு யாராச்சும் வழி மறிச்சா அது அவங்க பக்கம் குத்தமாயிடும், ஒருத்தரைப் போகவிடாம தடுக்கறதுக்கு நியாய சன்ஹிதாவுல 126ஆவது பிரிவு தனியாவே இருக்கு.

அப்ப போர்டு வச்சிருந்தா என்னன்னு கேப்பீங்க. அது எங்க இருக்குங்கறதைப் பொறுத்தது. வாசல்லயே, கண்ணுக்குத் தெரியற மாதிரி, தமிழ்ல, "ரொக்கம் பெறப்படாது"ன்னு இருந்து அதைப் பாத்துட்டே உள்ள போயி உக்காந்தீங்கன்னா, இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டுத்தானே வந்தீங்கன்னு அவங்க வாதாடலாம், அந்த வாதத்துல பலம் இருக்கு. கேஷ் கவுண்டர் கண்ணாடியில மூலையில இங்கிலீஷ்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா, அதை நீங்க பாக்கறதே சாப்பிட்டு முடிச்ச பொறவுதான், பொறவு சொல்ற நிபந்தனை ஒப்பந்தத்துல சேராது. உங்க அப்பாரு விஷயத்துல வாசல்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, அதனால நியாயம் அவரு பக்கம்னு தைரியமா சொல்லுங்க அவருகிட்ட. சாப்பிட்ட பொறவு இந்த மாதிரி நடந்ததுக்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், முன்கூட்டி சொல்லாம இப்படி ஒரு கட்டாயத்தை வச்சது முறையற்ற வணிகம்னு வாதாட எடம் இருக்கு. ஆனா ஜெயிச்சே தீருவோம்னு நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

செல்லுபடியாகற நோட்டுங்கறதும் எல்லாரும் வாங்கற நோட்டுங்கறதும் ஒண்ணு இல்லைங்கறதுக்கு ரெண்டாயிரம் ரூபா நோட்டே சாட்சி. 2023 மே 19ந் தேதி ரிசர்வ் பேங்க் அதைப் புழக்கத்துல இருந்து எடுக்கறோம்னுதான் சொன்னது, செல்லாதுன்னு சொல்லவே இல்லை, இன்னமும் செல்லும்னு அதே அறிவிப்புலயே இருந்துச்சு. ஆனா மக்காநாளே பாதி கடையில வாங்கல. அந்த வருஷம் அக்டோபர் 7 வரைக்கும் பேங்குல மாத்தினாங்க, அதுக்கப்பறம் சென்னை மாதிரி 19 ஊர்ல இருக்கற ரிசர்வ் பேங்க் ஆபீஸ்லதான் மாத்த முடியும், போஸ்ட் ஆபீஸ் வழியா அனுப்பியும் மாத்தலாம். 2016 நவம்பர் 8 வேற மாதிரி, அன்னைக்கு அறிவிச்சது பழைய 500, 1000 நோட்டோட செல்லுபடியையே எடுத்துடுச்சு. வீட்டுல அம்மாயிமாருங்க சேலைக்கு நடுவுல வச்சிருந்து இன்னும் எடுத்துட்டு வர்றாங்க, ரெண்டாயிரமா இருந்தா மாத்தலாம், பழைய ஆயிரமா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, அதைச் சொல்றப்ப எனக்கே வயிறு கலங்குது.

இப்ப காயின். நோட்டுக்கு ஒரு சட்டம், காயினுக்கு வேற சட்டம், 2011 நாணயச் சட்டம். அதுல 6ஆவது பிரிவுல வரம்பு போட்டிருக்காங்க. ஒரு ரூபாயும் அதுக்கு மேல இருக்கற காயினும் 1,000 ரூபா வரைக்கும் செல்லும், அம்பது பைசா 10 ரூபா வரைக்கும் செல்லும், இருவத்தஞ்சு பைசாவும் அதுக்குக் கீழ இருக்கறதும் 2011 ஜூன் 30ஓட புழக்கத்துல இருந்து போயாச்சு. அதனால ஒருத்தருக்கு 5,000 ரூபா பாக்கியை மூட்டையில பத்து ரூபா காயினா கொண்டு போயி கொட்டினா, ஆயிரத்துக்கு மேல வாங்க மாட்டேன்னு சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சேலத்துல ஒரு பையன் 2022ல ஒரு ரூபா காயினாவே சேத்து பைக் வாங்கின சேதி படிச்சிருப்பீங்க, ஷோரூம்ல பத்து மணி நேரம் உக்காந்து எண்ணினாங்க, அது அவங்க மனசு வச்சு வாங்கினது, சட்டம் அவங்களைக் கட்டாயப்படுத்தல.

பத்து ரூபா காயின் விஷயம் வேற, அங்க தகராறே இது நெசமா போலியாங்கறதுதான். கையில ஒண்ணை எடுத்துப் பாருங்க, வெளி வளையம் மஞ்சளா இருக்கும், நடுவுல வெள்ளை. சிலதுல ரூபா சின்னம் இருக்கும், சிலதுல இருக்காது. சிலதுல மேல பத்துக் கோடு, சிலதுல பதினஞ்சு கோடு. இந்தக் கோட்டை எண்ணித்தான் நம்மூர்ல பாதிப் பேரு இது டூப்ளிகேட்டுங்கன்னு திருப்பிக் கொடுக்கறாங்க. ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரி 17ல தெளிவா அறிக்கை விட்டுச்சு, அதுவரைக்கும் 14 டிசைன்ல வெளியிட்டிருக்கோம், எல்லாமே நாணயச் சாலையில அடிச்சது, எல்லாமே செல்லும்னு. 14440னு ஒரு நம்பரே வச்சாங்க, போன் போட்டா இதையேதான் சொல்லுச்சு. கலெக்டருங்க அறிக்கை விட்டிருக்காங்க, போக்குவரத்துக் கழகங்க கண்டக்டருங்களுக்கு சுற்றறிக்கை அனுப்பியிருக்காங்க. இருவது ரூபா காயினைப் பாத்தீங்கன்னா இதுக்கு நேர் எதிரா இருக்கும், வெளிய வெள்ளை நடுவுல மஞ்சள், ஓரம் வட்டமா இல்லாம பன்னெண்டு பட்டையா இருக்கும், அதையும் சந்தேகமாப் பாக்கறவங்க இருக்காங்க.

சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தும் ஏன் வாங்க மாட்டேங்கறாங்க? கருங்கல்பாளையம் பக்கம் எங்க கிளையன்ட் ஒருத்தர் மளிகைக் கடை வச்சிருக்காரு, அவரு கல்லாவுக்குக் கீழ ஒரு பெயிண்ட் டப்பா நெறைய பத்து ரூபா காயின் கெடக்குது. அவரு யாருகிட்டயும் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு, வாங்கிக்குவாரு, ஆனா வர்றது மட்டும்தான், போக வழியில்லை. மீதி சில்லறையா கொடுத்தா வேற கொடுங்கண்ணாங்கறாங்க, மொத்த வியாபாரி லைன் வண்டிக்காரர் வாங்கறதில்லை, பேங்குக்குக் கொண்டு போனா கூட்டமா இருக்கு சாயங்காலம் வாங்கன்னு அனுப்பி விடறாங்க. இப்படி ஒட்டுக்கா எல்லாரும் அடுத்தவன் வாங்க மாட்டான்னு பயந்துதான் மறுக்கறாங்க, யாருக்கும் அந்தக் காயின் மேல கோவம் கிடையாது. இதுல சட்டப்படி நிச்சயமா மாட்டறது பேங்க்தான். சின்ன நோட்டையும் காயினையும் எந்தக் கிளையும் வாங்க மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு, மறுத்தா பேங்குக்கு அபராதம் போடற திட்டமும் இருக்கு. நீங்க செய்ய வேண்டியது, நூறு நூறு காயினா பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கிட்டுப் போங்க, உங்க கணக்குல கட்டுங்க, மறுத்தா மேனேஜர்கிட்ட எழுத்துல புகார் கொடுத்து சீல் வாங்கிக்கோங்க, முப்பது நாள்ல பதில் வரலைன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல அனுப்பலாம், விவரம் கேக்க 14448. மளிகைக் கடைக்காரருக்கு நாங்க எழுதிக் கொடுத்த லெட்டர் ஆம்பட்ஸ்மேன் வரைக்கும் போகவே இல்லை, சீல் போடச் சொன்னதுமே காயினை எண்ண ஆள் வந்துட்டாரு.

கிழிஞ்ச நோட்டுக்கும் ஒரு வார்த்தை. அதைக் கடைக்காரர் வாங்கணும்னு கட்டாயம் இல்லை, ஆனா பேங்க் மாத்திக் கொடுக்கணும். 20 ரூபா வரைக்கும் இருக்கற நோட்டுல பாதிக்கு மேல ஒரே துண்டா இருந்தா முழுப் பணம், 50 ரூபாயும் அதுக்கு மேல இருக்கற நோட்டும்னா 80 சதவீதத்துக்கு மேல ஒரே துண்டா இருந்தா முழுப் பணம், 40ல இருந்து 80க்குள்ள இருந்தா பாதி.

அடுத்து, அரசாங்கமே காசை வேண்டாம்னா? டோல்கேட்டுல பாருங்க. விஜயமங்கலம், கணியூர் எல்லாம் தாண்டறவங்களுக்குத் தெரியும், 2021 பிப்ரவரியில இருந்து ஃபாஸ்டேக் இல்லைன்னா டபுள். 2025 நவம்பர் 15ல வந்த விதிப்படி கேஷா கொடுத்தா ரெண்டு மடங்கு, யுபிஐல கட்டினா ஒண்ணேகால் மடங்குன்னு வச்சாங்க. கேஷுக்கு மட்டும் தண்டம் கூடன்னு விதி போட்டே செஞ்சாங்க, சட்டத்தோட அதிகாரத்துல போட்ட விதிங்கறதால கோர்ட்ல போயி அதை ஒடைக்காத வரைக்கும் கட்டித்தான் ஆகணும். கரண்ட் பில்லுக்கு கவுண்டர்ல கேஷுக்கு வரம்பு வச்சிருக்கறதும் இதே கணக்குத்தான். தனியார் கடைக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு வித்தியாசம் என்னன்னா, அரசு ஆபீஸ் எதையும் காரணம் இல்லாம செய்யக் கூடாது, அரசியல் சாசனத்துல 14ஆவது பிரிவு இருக்கு, பட்டன் போன் வச்சிருக்கற பெருசுக்கு வேற வழியே வைக்காம ஒரு சேவையை மூடினா அதைக் கேள்வி கேக்கலாம். பேக்கரிக்காரர் மேல அந்தப் பிரிவு பாயாது.

தலைகீழாவும் கேப்பாங்க, கேஷ் மட்டும்தான் வாங்குவேன் ஜிபே கிடையாதுன்னு ஒரு கடை சொல்லலாமான்னு. தாராளமா சொல்லலாம். வருஷத்துக்கு 50 கோடிக்கு மேல வியாபாரம் பண்றவங்க மட்டும்தான் ரூபே டெபிட் கார்டு, யுபிஐ, யுபிஐ கியூஆர் மூணையும் வச்சே ஆகணும், இல்லைன்னா ஒவ்வொரு நாளைக்கும் 5,000 ரூபா அபராதம், 2020ல இருந்து அமல். அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கட்டாயம் இல்லை. 2025 ஜூலையில பெங்களூர்ல யுபிஐ வரவை வச்சு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் சின்னக் கடைக்காரங்க கியூஆர் அட்டையையே எடுத்து வச்சாங்க, அதுவும் சட்ட மீறல் இல்லை. பாருங்க, பெரிய கம்பெனி டிஜிட்டலை வாங்கலைன்னா அபராதம் போட சட்டம் எழுதத் தெரிஞ்சிருக்கு, சாப்பாட்டுக் கடை காசை வாங்கலைன்னா கேக்க ஒரு வரி எழுதல.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டுங்க. நார்வேயில 2024 அக்டோபர்ல இருந்து, நெரந்தரமா கடை வச்சிருக்கறவங்க 20,000 குரோனர் வரைக்கும் கேஷ் வாங்கியே ஆகணும்னு சட்டத்தை இறுக்கியிருக்காங்க, அங்க கேஷ் வச்சிருக்கற ஆளே கொறைவு. நியூயார்க் நகரத்துல 2020ல இருந்து கடையும் ஓட்டலும் கேஷை மறுத்தா அபராதம், 20 டாலருக்கு மேல இருக்கற நோட்டை மட்டும் மறுக்கலாம். அதுதான் நடைமுறைக்கு ஒத்து வர்ற வழின்னு நான் நெனைக்கறேன். சாப்பாடு, மருந்து, பஸ்ஸு, பாலு, இந்த நாலுக்கும் ஒரு 2,000 ரூபா வரைக்கும் கேஷை மறுக்கக் கூடாது, பெரிய நோட்டுக்கு மட்டும் சில்லறை இல்லைன்னு சொல்லிக்கலாம்னு ஒரு சட்டம் போட்டா யாரும் நஷ்டப்பட மாட்டாங்க. பர்கூர் மலையில இருந்து அந்தியூர் சந்தைக்கு எறங்கி வர்றவங்க, தாளவாடியில சிக்னல் இல்லாத தோட்டத்துல வேலை செய்யறவங்க, திருப்பூர்ல சனிக்கெழம வாரச் சம்பளம் வாங்கற வடநாட்டுப் பசங்க, போன் பழுதாகிப் போன ஒரு அம்மா, இவங்க எல்லாம் கையில நெசமான பணத்தை வச்சுக்கிட்டு பசியோட நிக்கறது அசிங்கம், அவங்களுக்கு இல்லைங்க, நமக்கு. யுபிஐ நல்லதுதான், நானும் தினம் அதுலதான் கட்டறேன். ஆனா அது பேங்குல இருக்கற உங்க பணத்தை நகத்தறதுக்கு ஒரு வழி, அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த நோட்டு அது இல்லை. ரிசர்வ் பேங்கோட டிஜிட்டல் ரூபாதான் நோட்டுக்குச் சமம், 2022ல சட்டத்தைத் திருத்தி அதைச் சேத்தாங்க, ஆனா அதை நம்ம சந்தையில நான் யாருகிட்டயும் பாத்ததில்லை.

கடைசிக் கேள்வி, மஞ்சள். இதுதான் நெஜமாவே பணம் போற எடம், அதனால கவனமாப் படிங்க. காசை வாங்கணுமான்னு பேசிட்டிருக்கோம், ஆனா ஒரு அளவுக்கு மேல காசை வாங்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. வருமான வரிச் சட்டத்துல 269எஸ்டி, 2017 ஏப்ரல்ல இருந்து. ஒருத்தர்கிட்ட இருந்து ஒரே நாள்ல, இல்லை ஒரே வியாபாரத்துல, இல்லை ஒரே விசேஷத்துக்காக, 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாது. வாங்கினா, வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். கொடுத்தவருக்கு இல்லீங்க, வாங்கினவருக்கு. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு நம்பர் மாறியிருக்கு, விஷயம் அதேதான்.

விவசாயிக்கு வரியே இல்லையே, இது எனக்கு எப்படி வரும்னு கேப்பாங்க. வருமானத்துக்கு வரி இல்லைங்கறது வேற, கேஷ் வரம்பு வேற, இது எல்லாருக்கும் பொருந்தும். இருவத்தஞ்சு குவிண்டால் விரலி மஞ்சள், குவிண்டால் 14,000னு வச்சுக்கிட்டா 3.5 லட்சம். மண்டிக்காரர் இன்னைக்கு ஒண்ணேமுக்கால், அடுத்த வாரம் ஒண்ணேமுக்கால்னு கேஷா கொடுத்தா, நாள் வேறதானேன்னு தோணும், ஆனா பில்லு ஒண்ணு, வியாபாரம் ஒண்ணு, அதனால வரம்பு தாண்டியாச்சு. அபராதம் வந்தா 3.5 லட்சமும் விவசாயி தலையில. 2017 நவம்பர்ல வருமான வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு, 2 லட்சத்துக்குக் கீழ விவசாயி தான் வெளைஞ்சதை வித்து கேஷா வாங்கிக்கலாம், பான் கார்டு கேக்கக் கூடாது, பான் இல்லாதவங்க எழுதித் தர்ற ஃபார்ம் 60ம் வேண்டாம்னு. வியாபாரிக்கும் தொல்லை இல்லை, மத்த செலவுக்கு ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 10,000க்கு மேல கேஷ் கொடுத்தா வருமான வரிக் கணக்குல அதைச் செலவா ஏத்துக்க மாட்டாங்க, வெளையவச்ச விவசாயிக்குக் கொடுத்தா அந்த வரம்பு கிடையாது. அதனால 2 லட்சத்துக்குக் கீழன்னா கேஷ் கொடுத்தா எனக்கு வரிப் பிரச்சனைங்கன்னு மண்டியில இழுத்தடிச்சா நம்பாதீங்க.

கல்யாண மண்டபமும் இதே மாதிரி. மண்டப வாடகை 2.5 லட்சத்தை அட்வான்ஸ், மீதி, கரண்ட்டுன்னு மூணு தடவையா கேஷ்ல வாங்கினாலும் ஒரே விசேஷம், மண்டபக்காரர் மாட்டுவாரு. சமையல்காரர், பூ டெகரேஷன்காரர் தனித்தனி ஆளுங்க, அவங்கவங்களுக்குத் தனிக் கணக்கு. காடு, அதாவது நெலம் விக்கறப்ப அச்சாரம் வாங்கறதுல இன்னும் கம்மி, 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாது, கைமாத்துக் கடனுக்கும் அதே 20,000தான். இந்த 20,000 வரம்புல மட்டும், கொடுக்கறவரு வாங்கறவரு ரெண்டு பேருக்குமே விவசாய வருமானம்தான், வரி கட்டற வருமானம் யாருக்கும் இல்லைன்னா விலக்கு உண்டு, பங்காளிகளுக்குள்ள பண்ணையச் செலவுக்குக் கொடுத்து வாங்கறது பெரும்பாலும் இதுல அடங்கிடும்.

அதனால மஞ்சளுக்கு 2 லட்சத்தைத் தொடற பில்லா இருந்தா, ஏலம் முடிஞ்சு எடை போடறப்பவே உங்க பேங்க் பாஸ்புக் மொத பக்க ஜெராக்ஸைக் கொடுத்து அக்கவுண்ட்லயே போடச் சொல்லுங்க. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல வித்தீங்கன்னா பெரும்பாலும் அவங்களே அப்படித்தான் பண்ணுவாங்க, தனியார் மண்டியிலதான் கேட்டு வாங்கணும். வர்ற பணத்துக்கு வரி கிடையாது, ஆனா நாளைக்கு எதுக்கு வந்ததுன்னு கேட்டா காட்ட, எடைச் சீட்டு, மண்டி பில்லு, அந்த வருஷத்து அடங்கல் மூணையும் ஒரே கவர்ல போட்டு வச்சுக்கோங்க.